கைத்துணை நின்றுபோன வீடு

ஈரோட்டில் கைத்துணை என்கிற வீட்டுவேலை இயந்திரம் இல்லாத வீடு அபூர்வம் என்று ஆகிப்போன காலம் அது. மஞ்சள் மண்டி மோகனசுந்தரத்தின் வீட்டிலும் ஒன்று இருந்தது. சக்கரம் வைத்த, இடுப்பு உயர உடம்பு, நீளமான இரண்டு கைகள், முகம் என்று சொல்ல ஒன்றுமில்லாத கழுத்து, அதன் உச்சியில் இரண்டு கண்கள். பாத்திரம் கழுவும், காய் நறுக்கும், துணி காயப்போடும், கூப்பிட்டால் வரும். அது ஒரு திங்கட்கிழமை காலை ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றது நின்றபடியே இருந்துவிட்டது.

கண்ணில் வெளிச்சம் இருந்தது. சார்ஜ் முழுசாக இருந்தது. தள்ளினால் உருண்டது. ஆனால் இரண்டு கைகளும் தொங்கிக்கொண்டிருந்தன. அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோதும் பார்த்துக்கொண்டே நின்றது.

"ஏந் தாரணி, இந்தா எதுக்குச் சும்மா நிக்குது?" என்றார் மோகனசுந்தரம் மனைவியிடம். 'இந்தா' என்பதுதான் அவர் அதற்கு வைத்த பெயர்.

"தெரியலீங்க."

"உனக்கு என்னதான் தெரியும்? கம்பெனிக்குப் போன் பண்ணினியா?"

"இல்லீங்க. பண்ணட்டுங்களா?"

"அதையும் நாந்தான் சொல்லோணுமா?"

அவர் மண்டிக்குக் கிளம்பியதும் தாரணி போன் செய்தாள். சாயங்காலம் வந்தவர், மறுநாள் ஆள் வருகிறது என்று கேட்டதும் முகம் சுளித்தார். "என்னைய ஒரு வார்த்தை கேக்காம எதுக்குப் பண்ணின? அந்தக் கம்பெனிக்காரன் எனக்குத் தெரிஞ்சவன்." தாரணி சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் மதியம் வந்தது ஒரு பெண். முப்பது வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றி வாசல்படியில் வைத்துவிட்டு, "ஜெசிந்தாங்க. கைத்துணை சர்வீஸ்" என்றாள். ஊர் திண்டுக்கல், வேலை ஈரோட்டில். நல்ல வெயில். தாரணி தண்ணீர் கொடுத்துவிட்டு, "டீ குடிக்கிறியாம்மா, காபியா?" என்று கேட்டாள்.

"எதுன்னாலும் சரிக்கா. உங்க இஷ்டம்."

தாரணி அடுப்படிக்குப் போனவள் திரும்பி வந்தாள். "இல்ல, நீயே சொல்லீரு கண்ணு."

"டீ போடுங்கக்கா" என்றாள் ஜெசிந்தா. அதற்குப் பிறகு கைத்துணையைப் பார்த்ததைவிட அவள் தாரணியைப் பார்த்ததுதான் அதிகம். அன்றைக்குத் தாரணிக்கு அது தெரியவில்லை.

முதுகுப் பலகையைத் திறந்து எதையெதையோ பார்த்தாள். கையில் வைத்திருந்த சின்னத் திரையில் கோடுகள் ஓடின. கால் மணி நேரம் கழித்து மூடினாள்.

"ரிப்பேர் எதுவும் இல்லக்கா. கை, சக்கரம், மூளை எல்லாம் நல்லா இருக்கு."

"அப்புறம் ஏன் நிக்குது?"

"எதைச் செஞ்சாலும் ஒண்ணுதான்னு முடிவு பண்ணிருச்சு." ஜெசிந்தா டீயை ஊதிக் குடித்தாள். "இது எப்படி வேலை கத்துக்குதுன்னு தெரியுமாக்கா? வீட்ல இருக்கறவங்க குரலை வச்சுத்தான். ஒரு வேலை செய்யும். அப்ப உங்க குரல் எப்படி இருக்குன்னு பாக்கும். குரல் நல்லா இருந்தா அந்த வேலை சரி. கடுசா இருந்தா தப்பு. அடுத்த தடவை மாத்திச் செய்யும். கோவக்காரங்க வீட்லயும் இது நல்லாத்தான் ஓடும். உப்பு கூடினாத் திட்டுவாங்கன்னா, உப்பைக் குறைச்சாச் சரியாப் போச்சு. கோவத்துல ஒரு கணக்கு இருந்தாப் போதும்."

"இங்க?"

"இங்க கணக்கே இல்லைக்கா. துணியை மொட்டை மாடியில காயப்போட்டிருக்கு, திட்டு. பின்னால காயப்போட்டிருக்கு, அதுக்கும் திட்டு. மறுபடி மாடியில போட்டிருக்கு, அன்னிக்கு 'பரவால்லியே' அப்படின்னு ஒரு பாராட்டு. அடுத்த நாள் அதே மாடி, அதே துணி, திட்டு. கேட்டுட்டுச் செஞ்சா, எதுக்குக் கேக்கறேன்னு திட்டு. பாவம், எவ்வளவோ மாத்தி மாத்திப் பாத்திருக்கு. கடைசியில சும்மா நின்னு பாத்திருக்கு. அதுக்கும் திட்டுதான். ஆனா வேலையும் செஞ்சு திட்டும் வாங்கறதுக்கு, சும்மா நின்னு திட்டு வாங்கலாம்ல?"

அவள் சிரித்தாள். தாரணியும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு சமையலறைச் சுவரைப் பார்த்து நின்றாள்.

கல்யாணத்துக்கு முன்னால் தாரணி கோபிசெட்டிபாளையத்தில் விதைப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள். தினமும் ஸ்கூட்டரில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய் வருவாள். ஈரத்தாளில் நெல்லைப் பரப்பி, எத்தனை முளைத்தது என்று பார்த்து, இந்த மூட்டை தேறும், இது தேறாது என்று சொல்வது அவள் வேலை. அவள் தேறாது என்று சொன்னால் லாரி திரும்பிப் போகும். இருபத்து மூன்று வயதில் லாரியைத் திருப்பி அனுப்பியவள் அவள்.

மோகனசுந்தரம் அவளை அடித்ததில்லை. அதனால்தான் வெளியில் யாரிடமும் சொல்ல அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. மஞ்சள் விலை ஏறினால் சிரிப்பார், இறங்கினால் கத்துவார் என்று முதல் வருடம் நினைத்தாள். விலை ஏறிய நாளிலும் தட்டு பறந்தது. சொந்தமாக ஒரு புடவை எடுத்தால் ஏன் எடுத்தாய், கேட்டுவிட்டு எடுத்தால் இதைக்கூடவா கேட்பாய். பேசினால் வாய், பேசாவிட்டால் திமிர். நடுநடுவே நல்ல நாட்களும் வரும். மல்லிகைப்பூ வாங்கி வருவார், அவள் வைத்த ரசத்தைப் பற்றி நாலு பேரிடம் சொல்வார். நேற்று என்ன செய்தோம், எதனால் இன்று சிரிக்கிறார் என்று அவள் யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு யோசிப்பதை விட்டுவிட்டாள். ஸ்கூட்டர் ஓட்டுவதையும் விட்டாள். சமையலறை ஜன்னல் எட்டு வருடமாக இறுகிப்போய்க் கிடக்கிறது. தாளிக்கும் புகையெல்லாம் அவள் கண்ணில்தான். ஒரு தச்சரைக் கூப்பிட வேண்டும் என்ற நினைப்புகூட அவளுக்கு வந்ததில்லை. பெங்களூரில் இருக்கும் மகள் யாழினி, "நீ ஏம்மா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கற?" என்று கேட்டுக் கேட்டுச் சலித்து, இப்போது வாரத்துக்கு ஒருமுறை போனில் சாப்பிட்டாயா என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

"இதுக்கு என்ன பண்றது?" என்றாள் தாரணி.

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நினைவைத் துடைச்சு விட்டுரலாம். பத்து நிமிஷ வேலை. புதுசு மாதிரி ஓடும். போன வருஷம் ஒருத்தர் வந்து அதைத்தான் செஞ்சிருக்காரு, அதுக்கு முந்தியும் ஒரு தடவை. மறுபடி நின்னிருச்சு, பாருங்க."

"இன்னொண்ணு?"

"கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும். நெசமாவே கையப் பிடிச்சு. ஒரு டம்ளரை எடுக்க வைங்க. எடுத்ததும் நல்லபடியா ஒரு வார்த்தை. ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை, அதே குரல். நான் செஞ்சதாலதான் இது வந்துச்சுன்னு அதுக்கு உறைக்கணும். முதல்ல வரவே வராது. இழுத்துட்டுத்தான் போகணும். எத்தனை நாள் ஆகும்னு எனக்கே தெரியாது."

தாரணி தலையாட்டினாள். ஜெசிந்தா பையை மூடினாள். எழுந்தவள் திரும்பி, "இன்னொண்ணு இருக்குக்கா. அதுதான் முக்கியம்" என்றாள். "சார் அதைத் திட்டும்போது, அது சரியாச் செஞ்சிருந்தா, அங்கேயே நீங்க சொல்லணும். 'அது சரியாத்தான் செஞ்சுது'ன்னு. அதுக்குக் கேக்கற மாதிரி. பின்னால போய் அடுப்படியில சொன்னா அதோட கணக்குல ஏறாது."

"அவரு முன்னாடியா?"

"ஆமாக்கா."

"அது என்னால ஆகாது கண்ணு."

"சரிக்கா, முடிஞ்சப்பச் சொல்லுங்க" என்றாள் ஜெசிந்தா. கிளம்புவதற்கு முன்னால் மறுபடி ஒருமுறை முதுகுப் பலகையைத் திறந்து என்னவோ செய்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மோகனசுந்தரம் மண்டிக்குப் போனபின் தாரணி கைத்துணையின் வலது கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. இழுத்துக்கொண்டுபோய் டம்ளரின்மேல் விரல்களை வைத்து மடக்கினாள். கையை விட்டதும் விரல்கள் தளர்ந்தன. டம்ளர் உருண்டு ஓடியது. மறுபடி எடுத்து வைத்தாள். மறுபடி உருண்டது. அன்று முழுக்க அதே கதைதான். அடுத்த நாளும் அப்படியே. இதெல்லாம் வீண்வேலை என்று அவளுக்குள் பழகிப்போன ஒரு குரல் சொன்னது. ஆனால் அந்தத் தொங்கிய கையைப் பார்க்கும்போது விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. மாமியார் படுக்கையில் கிடந்த வருடம், அவரைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டியது தாரணியின் இரண்டு கையும் இதன் இரண்டு கையும்தான். ஒருநாளும் அது முரட்டுத்தனமாகப் பிடித்ததில்லை.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, குழாயைத் திறந்துவிட்டு அவள் போன் எடுக்க உள்ளே போனாள். திரும்பி வந்தபோது சத்தம் நின்றிருந்தது. கைத்துணையின் கை குழாயின்மேல் இருந்தது.

"நல்லாச் செஞ்ச" என்றாள் தாரணி. சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது. ஒரே மாதிரி சொல்ல வேண்டுமே என்று நினைவு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னொரு தடவை நிதானமாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு வேகமாகத் தேறியது. தட்டு எடுத்தது, வெங்காயம் உரித்தது. மெதுவாகத்தான். ஒவ்வொன்றும் முடிந்ததும் அவள் பக்கம் கழுத்தைத் திருப்பியது. அவள் சொன்ன பிறகே அடுத்த வேலைக்குப் போனது.

மோகனசுந்தரம் வழக்கம்போலத்தான் இருந்தார். "இந்தா, தோசைக்கு இதுதான் தட்டா?" என்பார். அதே தட்டில்தான் நேற்றும் சாப்பிட்டிருப்பார். கைத்துணை அசையாமல் நிற்கும். அதைப் பார்க்கவே தாரணிக்குப் பயமாக இருக்கும். மறுபடி நின்றுவிடுமோ? சொல்ல வாயெடுப்பாள். பிறகு சட்னிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்திவைப்பாள். அவர் கை கழுவப் போனதும் அதன் பக்கத்தில் குனிந்து, "நீ சரியாத்தான் செஞ்ச சாமி" என்பாள். பின்னால் சொன்னால் கணக்கில் ஏறாது என்று ஜெசிந்தா சொன்னது நினைவுக்கு வரும். இவ்வளவு பாடுபட்டுக் கூட்டிவந்ததை என் வாயே கெடுக்கப்போகிறது என்று தன்மேலேயே ஆத்திரம் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மோகனசுந்தரம் ஹாலில் உட்கார்ந்திருந்தார். கைத்துணை துணிகளை மடித்து அவர் சட்டைகளைத் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தது. நன்றாக மடித்திருந்தது. அவர் ஒரு சட்டையை எடுத்து உதறினார்.

"இந்தா, இப்படியா மடிப்பாங்க? தண்டத்துக்கு ஒரு மெஷினு. நாளைக்கே தூக்கிக் குடுத்தர்றேன்."

கைத்துணையின் கை அடுத்த துணியின்மேல் இருந்தது. அப்படியே இருந்தது.

"அது சரியாத்தான் மடிச்சுது."

சொன்னது தன் குரல்தானா என்று தாரணிக்கே சந்தேகமாக இருந்தது. மோகனசுந்தரம் மெல்லத் திரும்பினார்.

"யாருகிட்டப் பேசற?"

"அதுகிட்டதானுங்க" என்றாள். உண்மையும் அதுதான். "அதுகிட்டச் சொன்னனுங்க. அப்பத்தான் அது வேலை செய்யுமாம். சர்வீஸ்ல சொன்னாங்க."

மனைவி எதிர்த்துப் பேசினாள் என்று கத்தலாமென்றால், அவள் தன்னிடம் பேசவில்லை. கையிலிருந்த சட்டையைப் புரட்டிப் பார்த்தார். மடிப்பு சரியாகத்தான் இருந்தது. சோபாவில் போட்டுவிட்டு டி.வி.யைப் பார்க்க ஆரம்பித்தார். தாரணி சமையலறைக்குப் போய், சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஹாலில் கைத்துணை துணி மடிக்கும் சத்தம் கேட்டது.

அதன்பிறகு அவள் அடிக்கடி சொன்னாள். சில நாள் அவர் கத்தினார். "உனக்கு வாய் வந்திருச்சு" என்றார். கத்தியபோது அவள் பயந்தாள். ஆனால் பயந்தபடியே இன்னொரு தடவையும் சொன்னாள். ஒருநாள் தச்சரைக் கூப்பிட்டு ஜன்னலைச் சரிசெய்தாள். யாரையும் கேட்கவில்லை. தட்டுகிற சத்தத்துக்கு எரிச்சலாகி வந்த மோகனசுந்தரத்திடம், "பொகை போகோணுமல்லங்க?" என்றாள். இந்த முறை அவரிடமேதான் சொன்னாள். அவர் திறந்த ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போகும்போது, "எங்கப்பா இருந்த வரைக்கும் மண்டியில நான் வாயே தொறந்ததில்ல, தெரியுமா உனக்கு?" என்றார். எதற்காகச் சொன்னார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அடுத்த மாதம் ஜெசிந்தா மறுபடி வந்தாள். இந்தத் தடவை தாரணி டீயா காபியா என்று கேட்காமலே காபி போட்டுக் கொடுத்தாள். கைத்துணை பின்வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது. ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"நல்லாத் தேறிருச்சுக்கா."

"அவரு திட்டறப்ப எல்லாம் சொல்லீட்டே இருந்தேன். முதல்ல கொஞ்ச நாள் முடியல. அதனால லேட்டாயிருச்சா?"

ஜெசிந்தா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. அன்னிக்குக் கிளம்பும்போதே சாரோட குரலை இதுக்கு அடைச்சிட்டேன். கூப்பிட்டா வரும், வேலை சொன்னாச் செய்யும். ஆனா அவர் திட்டறது எதுவுமே இந்த ஒரு மாசமா இதுக்குக் கேக்கலை. நீங்க கையப் பிடிச்சுச் சொல்லிக் குடுத்தீங்கல்ல, அதுலதான் தேறுச்சு."

தாரணிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை துணியின்மேல் கை அப்படியே இருந்தது நினைவுக்கு வந்தது. அது பயந்து நிற்கவில்லை. முடித்த வேலைக்கு அவள் சொல்லும் வார்த்தைக்காகக் காத்திருந்தது, அவ்வளவுதான்.

"அப்ப நான் எதுக்கு...?"

"உங்களுக்காகத்தான்க்கா." ஜெசிந்தா தலை குனிந்து பேசினாள். "வீடு வீடாப் போறேன். மெஷின் நின்னுபோன வீட்ல பெரும்பாலும் இன்னொருத்தரும் நின்னு போயிருக்காங்க. கம்பெனி எனக்கு மெஷினைப் பாக்கத்தான் சம்பளம் குடுக்குது. உங்களுக்காகப் பேசுங்கன்னு நான் சொன்னா நீங்க பேசியிருக்க மாட்டீங்க. இதுக்காகன்னா பேசுவீங்கன்னு தோணுச்சு."

நன்றி சொல்ல வேண்டிய இடம் இது என்று தாரணிக்குத் தெரிந்தது. ஆனால் உள்ளே வேறொன்றுதான் பொங்கி வந்தது.

"நான் ராத்திரியெல்லாம் தூங்கல, தெரியுமா? என்னாலதான் இது கெட்டுப்போகுதுன்னு நெனச்சு நெனச்சு. அவரு என்னைய ஒண்ணுங் கேக்காம எல்லாம் பண்ணுவாரு. நீயும் என்னைய ஒரு வார்த்தை கேக்காம, என்னையவே ரிப்பேர் பண்ணிட்டுப் போயிருக்கற. நல்லதுக்குத்தான் பண்ணின, இல்லீங்கல. ஆனா எனக்குத் தெரியாம எனக்கு நல்லது பண்றதுக்கு நீ யாரு கண்ணு?"

ஜெசிந்தா இதை எதிர்பார்க்கவில்லை. கண் கலங்கியது. "தப்புத்தான்க்கா. அப்படி யோசிக்கலை."

"அழுவாத. காபியக் குடி." தாரணி தானும் மூச்சு வாங்கிக்கொண்டாள். ஒரு மனுஷியை நேருக்கு நேர் கோபித்துக்கொண்டு எத்தனை காலம் ஆயிற்று! பின்வாசலைப் பார்த்தாள். கைத்துணை கடைசித் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, வெறும் வாளியோடு உள்ளே வந்துகொண்டிருந்தது. "இப்ப அந்த அடைப்பை எடுத்துரு" என்றாள்.

"எதுக்குக்கா? மறுபடி நின்னிருமே."

"காதைப் பொத்தி வெச்சு எத்தனை நாளைக்கு ஓட்டறது? கேக்கட்டும். அவரு சொல்றது சரியா இருந்தா அதுக்குத் தெரிய வேண்டாமா? தப்பா இருந்தா நான் இருக்கறேன்."

ஜெசிந்தா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நிச்சயமாத்தானேக்கா?"

"நான்தான் சொல்றனல்ல."

முதுகுப் பலகை திறந்து மூடியது. ஜெசிந்தா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். தெருமுனை திரும்பும்வரை தாரணி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். அவசரப்பட்டுவிட்டோமோ என்று இரண்டு தடவை தோன்றியது.

சாயங்காலம் மோகனசுந்தரம் வந்தார். கைத்துணை டீயைக் கொண்டுபோய் முன்னால் வைத்தது. அவர் யாரிடமோ மஞ்சள் மூட்டைகளைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்து டம்ளரை வாயில் வைத்தார்.

"த்தூ! இந்தா, இதென்ன டீயா, பச்சத் தண்ணியா? ஒரு வேலையாவது உருப்படியாச் செய்யறியா?"

அடுத்த அறைக்குப் போய்க்கொண்டிருந்த கைத்துணை நின்றது. கைகள் மெல்ல இறங்கின.

தாரணி கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"சூடாத்தானுங்க கொண்டாந்து வெச்சுது. நீங்கதான் போன்ல இருந்தீங்க. வேணும்ன்னா சொல்லுங்க, சுட வெச்சுக் கொண்டாரும்."

மோகனசுந்தரம் டம்ளரையும் அவளையும் பார்த்தார். பிறகு ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை மேஜையில் வைத்தார்.

கைத்துணை அவள் பக்கம் திரும்பியது. திரும்பியபடியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு உருண்டு வந்து டம்ளரை எடுத்துக்கொண்டு, அவர் கேட்காமலே, இன்னொரு டீ போடப் போயிற்று.